தகராறும் ராஜியும்: கிழக்கேகோட்டைக்கு நடந்து வந்த அரபு வேர்கள்

கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒரே சொல் நாள்தோறும் இரு பொருளில் ஒலிக்கிறது. வழியில் பழுதாகி நின்றுவிட்ட வண்டிக்குத் 'தகராறு' என்கிறார் மலையாளம் பேசும் நடத்துநர். மீதிச் சில்லறைக்காக எழுந்த வாய்ச்சண்டையைத் 'தகராறு' என்கிறார் மார்த்தாண்டத்திலிருந்து சரக்கெடுக்க வந்த தமிழ் வணிகர். ஒருவருக்கு அது பொறியின் கோளாறு; மற்றவருக்கு மனிதர்களின் பூசல். இருவரும் ஆள்வது ஒரே அரபுச் சொல்லைத்தான். அச்சொல்லின் வேர் இயந்திரத்தையோ சண்டையையோ குறிப்பதன்று. ஓர் இயக்கத்தைக் குறிப்பது.

'தக்ரார்' என்னும் அரபுச் சொல்லின் வேர் க்–ர்–ர். திரும்பி வருதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். பின்வாங்கிய குதிரைவீரன் குதிரையைத் திருப்பி மீண்டும் பாய்ந்து வருவதைப் பழைய அரபு இவ்வேரால் குறித்தது. மீண்டும் மீண்டும் வருதலிலிருந்து 'திரும்பச் சொல்லுதல்' என்னும் பொருள் கிளைத்தது. பாரசீக, இந்துஸ்தானி வழக்கில் சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுக்கும் வாக்குவாதம் ஆயிற்று. தமிழ் அங்கேயே நின்றுகொண்டது. மலையாளம் பூசலிலிருந்து இடையூற்றுக்கும், இடையூற்றிலிருந்து பழுதுக்கும் ஓரடி முன்சென்றது.

தமிழிலும் மலையாளத்திலும் கலந்துள்ள அரபுச் சொற்களைப் பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் பட்டியலாகவே அமைகின்றன. சொல், மூலம், பொருள் என மூன்று பத்திகள். முடிவில் 'இஸ்லாமியர் வருகையால் வந்தவை' என்று ஒரு வரி. இந்த ஒற்றை வரியை ஐயுற வேண்டும் என்பதே இப்பதிவின் நோக்கம். செல்லுதல், வருதல், நிற்றல் ஆகிய இயக்கங்களைக் குறிக்கும் அரபு வேர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை எந்தப் பாதையில் இங்கு வந்தன என்று கேட்கிறேன். சற்று நீண்ட பதிவு; ஆய்வு மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

1. நடையை எண்ணிய மொழி

அரபுச் சொல்லாக்கம் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரின் மீது நிற்பது. உயிர்களும் ஒட்டுகளும் மாறும்போது பொருள் கிளைக்கும். மெய்களின் வரிசை மாறாது. ஸ்–ஃப்–ர் என்னும் வேரிலிருந்து பயணத்துக்கு 'ஸஃபர்', பயணிக்கு 'முஸாஃபிர்'. தமிழ் எழுத்தில் அரபின் எல்லா ஒலிகளையும் பிரித்துக் காட்ட இயலாது என்பதை நினைவிற்கொண்டு கீழ்வரும் வேர்களை வாசிக்கவும்.

எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் இவ்வேர்களை ஒலிப்பிறப்பின் வரிசையில் அடுக்கி அகராதி அமைக்க முனைந்தார். யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே. அரபு யாப்பின் சந்தப் பெயர்களுள் சில நடையிலிருந்தே பிறந்தவை: 'ரமல்' என்பது விரைந்த நடை; 'கபப்' என்பது குதிரையின் துள்ளுநடை.

பின்வந்த சொற்றொகுப்பாளர்கள் பொருள்வாரியாகச் சொற்களைத் திரட்டினர். நிஷாப்பூரைச் சேர்ந்த ஸஆலிபி (961–1038) அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அவரது 'ஃபிக்ஹுல் லுகா' என்னும் நூல் மனித நடையைத் தனியே வகைப்படுத்துகிறது. ஊர்வது போன்ற மெல்லிய நகர்வுக்கு 'தபீப்'; அதனின் மிக்கது 'மஷ்யு' என்னும் இயல்பான நடை; அதனின் மிக்கது 'ஸஅயு' என்னும் முனைப்பான நடை; நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்டது 'ஹர்வலா'; பின்னரே 'அத்வு' என்னும் ஓட்டம். குழந்தையின் அடிவைப்புக்கு ஒரு சொல், தோள் அசைய நடக்கும் இளைஞனுக்கு ஒரு சொல், அடியொட்டி அடி வைக்கும் முதியவருக்கு ஒரு சொல், சுமை தாங்கியவருக்கு ஒரு சொல். காலில் விலங்கு பூட்டப்பட்டவனின் நடைக்கும் 'ரஸஃபான்' என்று தனிப்பெயர் உண்டு. ஒரு சமூகம் தன் கண்முன் கண்ட கைதிகளும் முதியவர்களும் குழந்தைகளும் இவ்வகைப்பாட்டில் பதிவாகியிருக்கிறார்கள். அகராதியும் ஒரு வரலாற்று ஆவணமே.

தமிழ் மாணவர் இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. ஏகு, படர், இவர், பெயர், ஒதுங்கு, ஒல்கு, தவழ், தளர்நடை, உலவு என்று நம் நிகண்டுகளும் இலக்கியங்களும் இதே வேலையைச் செய்திருக்கின்றன. குழந்தை முதலடி எடுத்து வைப்பதற்குப் பிள்ளைத்தமிழ் ஒரு பருவத்தையே ஒதுக்கியது. தெய்வமும் மன்னனும் வீதியில் வருவதற்கு உலா என்னும் சிற்றிலக்கிய வகையே தோன்றிற்று. பாட்டின் ஓட்டத்துக்கு 'முடுகு', 'ஒழுகு', 'தூங்கல்' எனத் தொல்காப்பியம் தந்த பெயர்களும் இயக்கத்தின் பெயர்களே. நடை என்று நாம் உரைநடையைச் சொல்வதும் அவ்வாறே.

2. ஒரே பாதையில் நடந்த இரு மொழிகள்

இயக்கச் சொற்கள் எங்கும் இயக்கமாகவே நிற்பதில்லை. வாழ்வின் பிற துறைகளுக்குக் குடிபெயர்கின்றன. அரபும் தமிழும் ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே பெயர்ச்சியைச் செய்த இடங்கள் பல.

அரபில் 'தக்ல்' என்றால் வருமானம். அதன் வேர் த்–க்–ல், உள்ளே நுழைதல். 'கர்ஜ்' என்றால் செலவினம். அதன் வேர் வெளியேறுதல். தமிழில் வரவு, செலவு. பொருள் உள்ளே வருகிறது, வெளியே செல்கிறது. சங்கத் தமிழில் செலவு என்பது பயணமே. பொருள்வயின் பிரியும் தலைவன் புறப்படத் தயங்குவதைச் 'செலவழுங்குதல்' என்றனர். பயணத்தைக் குறித்த சொல் பணத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று.

அரபு இலக்கணத்தில் இறந்தகாலம் 'மாளீ'. கடந்து சென்றது என்பது பொருள். தமிழிலும் இறத்தல் என்பதன் முதற்பொருள் கடத்தலே. இரு மொழிகளும் காலத்தை நடக்கவிட்டன.

ஸ்–ய்–ர் என்பது செல்லுதலைக் குறிக்கும் வேர். அதிலிருந்து பிறந்த 'ஸீரா', ஒருவர் சென்ற விதம், ஒழுகிய விதம், ஆகவே வாழ்க்கை வரலாறு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தின் தலைப்பில் நிற்கும் 'சீறா' இதுவே. தமிழில் நட என்பதிலிருந்து நடத்தை. ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கம். செல்வதைக் குறிக்கும் த்–ஹ்–ப் வேரிலிருந்து 'மத்ஹப்' என்னும் சட்டப்பள்ளி; நீர்த்துறைக்குச் செல்லும் வழியைக் குறித்த சொல்லிலிருந்து 'ஷரீஅத்'; அடித்தல் பொருளுடைய வேரிலிருந்து, காலடிகள் அடித்துப் பதப்படுத்திய பாதையாகிய 'தரீக்'. தமிழ் முஸ்லிம்கள் சமயத்தை 'மார்க்கம்' என்றே அழைப்பது தற்செயலன்று. நெறி, வழி, ஆறு என்று சமயத்தைப் பாதையாகக் கண்ட மொழிக்குள் அந்த அரபுச் சொற்கள் வந்தபோது இருக்கை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

இந்த ஒப்புமையிலிருந்து கடன் வாங்கல் நிகழ்ந்ததாக முடிவு செய்யக்கூடாது. மனித உடல் ஒன்று, கால்கள் இரண்டு, உருவகங்கள் ஒத்துப்போகும். கடன் வாங்கலுக்குச் சான்று வேறு.

3. கச்சேரிக்கு வந்தவை

இன்றைய தமிழ்ச் செய்தித்தாளில் 'வரவு செலவுத் திட்டம் தாக்கல்' என்று தலைப்பு வருகிறது. இத்தொடரில் வரவு, செலவு இரண்டும் தமிழ் இயக்கச் சொற்கள். தாக்கல் 'தாகில்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. நுழைவது என்பது பொருள். ஆக, வருவதும் செல்வதும் அவைக்குள் நுழைகின்றன. வாசகர் எவருக்கும் இதில் அந்நியம் தோன்றுவதில்லை.

இவ்வகையில் நம் பொதுவழக்கில் நிற்கும் வேறு சில சொற்கள்:

வசூல்: வந்து சேர்தலைக் குறிக்கும் 'வுஸூல்'. அரசுக்கு வந்து சேர்ந்த பணம் வசூலாயிற்று. இன்று திரைப்படத்துக்கும் வசூல் உண்டு.

நகல்: ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லுதலைக் குறிக்கும் 'நக்ல்'. ஓர் ஓலையிலிருந்து மற்றோர் ஓலைக்கு எழுத்து இடம்பெயர்கிறது.

ஹவாலா: மாறுதல், பெயர்தல் பொருளுடைய வேரிலிருந்து, கடனை ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றவர் பொறுப்புக்கு மாற்றுதல். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் ஹவில்தார்.

மாஜி: மேற்கண்ட 'மாளீ'யே. மாஜி அமைச்சர் என்றால் பதவியைக் கடந்து சென்றவர்.

ஆஜர்: வந்து முன்னிற்பவர் என்னும் 'ஹாளிர்'. மலையாளப் பள்ளிகளில் மாணவர் வருகைக்கு இன்றும் 'ஹாஜர்' என்பதே சொல்.

இவற்றை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி துலங்கும். இவை கடற்கரைச் சொற்கள் அல்ல. சந்தைச் சொற்களும் அல்ல. நீதிமன்றம், கருவூலம், பட்டாளம், வட்டாட்சி அலுவலகம் ஆகியவற்றின் சொற்கள்.

திருவனந்தபுரத்தில் இதன் வரலாறு தெளிவாகவே காணக் கிடைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தர்மராஜா காலத்தில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாறியது. கோட்டையின் கிழக்கு வாயிலுக்கு வெளியே சாலைக் கடைத்தெருவை வளர்த்தவர் திவான் ராஜா கேசவதாஸ். அங்கு தமிழ் வணிகர் பெருகினர். வழியின் பெயரே கடைத்தெருவின் பெயராயிற்று. பின்னர் 1811 முதல் 1814 வரை கர்னல் ஜான் மன்றோ ரெசிடென்ட் பதவியோடு திவான் பொறுப்பையும் ஏற்று வருவாய், நீதித் துறைகளைக் கம்பெனி முறைக்கு ஏற்பத் திருத்தியமைத்தார். ஸ்வாதித் திருநாள் காலத்தில் (1829–1847) திவானின் தலைமை அலுவலகம் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தது. அதன் பெயர் 'ஹுஜூர் கச்சேரி'.

'ஹுஜூர்' என்பதும் ஆஜர் என்பதும் ஒரே வேர். முன்னிலை என்பது பொருள். அதிகாரத்தின் முன்னிலைக்கு வந்து நிற்பவர் ஆஜர். அவர் வந்து நிற்கும் இடம் ஹுஜூர். தமிழ் விண்ணப்பங்களில் 'சமூகத்துக்கு' என்று எழுதும் பழைய மரபும் இதே கருத்தை உடையது. 1869இல் திறக்கப்பட்ட புதிய ஹுஜூர் கச்சேரிக் கட்டடமே இன்றைய தலைமைச் செயலகத்தின் பழைய பகுதி.

அக்கச்சேரியில் அமர்ந்தவர்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் திவான்களுள் வேங்கட ராவ், சுப்பா ராவ், ரங்க ராவ், மாதவ ராவ் எனத் தஞ்சை மராட்டிய மரபினர் பலர். சுப்பா ராவ் ஸ்வாதித் திருநாளின் ஆசிரியராகத் தஞ்சையிலிருந்து வந்தவர். மாதவ ராவ் 1828இல் கும்பகோணத்தில் பிறந்தவர். தஞ்சை மராட்டிய அரசின் மோடி ஆவணங்களில் பாரசீக, அரபு நிர்வாகச் சொற்கள் நிறைந்திருந்தன. தக்காண சுல்தான்களின் ஆட்சியிலிருந்து மராட்டியரும், மராட்டியரிடமிருந்தும் ஆர்க்காட்டு நவாபிடமிருந்தும் கம்பெனியாரும் கற்றுக்கொண்ட கணக்கு மொழி அது. ஆகவே ஹுஜூரும் வசூலும் தாக்கலும் நகலும் திருவனந்தபுரத்துக்கு மரக்கலத்தில் வரவில்லை; கணக்கர்களின் கைப்பெட்டியில், தரைவழியே வந்தன. அவற்றை இங்கே பரப்பியவர்களுள் மிகப் பலர் இந்துக்களும் ஐரோப்பியரும் ஆவர்.

4. 'ளாத்' சொல்லும் சாட்சி

இது ஊகமன்று, ஒலியே சாட்சி சொல்கிறது. அரபு நெடுங்கணக்கில் தமிழ் முஸ்லிம்கள் 'ளாத்' என்று ஓதும் ஓர் எழுத்து உண்டு. எட்டாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் ஸீபவைஹி அதன் பிறப்பிடமாக நாவின் பக்க ஓரத்தையும் கடைவாய்ப் பற்களையும் குறிக்கிறார். நம் ல, ள போன்று நாவின் ஓரம் வழியே பிறக்கும் ஒலியின் சாயல் அதில் இருந்தது என்பதே மொழியியலாரின் முடிவு. இன்றைய அரபு நாடுகள் பலவற்றில் அவ்வோசை மறைந்து, கனத்த டகரம் போல் ஒலிக்கிறது. பாரசீகரோ அதை ஸகரத்தின் ஒலிப்புடைய வடிவாக, ஏறக்குறைய நம் ஜகரத்துக்கு அண்மையதாக ஒலித்தனர். இந்துஸ்தானியும் அவ்வாறே.

இப்போது தமிழ்ச் சொற்களை நோக்குக. ஆஜர், ஹுஜூர், மாஜி ஆகியவற்றில் மூல எழுத்து இந்த ளாத்தே. ஜில்லா, ஜாமீன், ஜப்தி, அர்ஜி, ராஜி ஆகியவற்றிலும் அவ்வாறே. எல்லாம் ஜகரமாகவே வந்துள்ளன. ஆகவே எல்லாம் பாரசீக, இந்துஸ்தானி வாயில் ஒருமுறை புகுந்து புறப்பட்டவை.

மற்றொரு வரிசையை அருகில் வைப்போம். தமிழ் முஸ்லிம்களின் நோன்பு மாதம் ரமலான், ஈழத்து முஸ்லிம்கள் எழுதுவது ரமழான், மலையாளத்தில் ரமளான். தொழுகைக்கு முன் செய்யும் தூய்மை உளூ. கட்டாயக் கடமை பர்ளு. இங்கே அதே எழுத்து லகர, ளகர, ழகரங்களாக நிற்கிறது. இச்சொற்கள் பாரசீகரைத் தொடாமல் வந்தவை.

இரு வரிசைகளும் ஒரே வேரில் சந்திக்கும் இடமும் உண்டு. பொருந்துதல், இசைதல் என்னும் பொருளுடைய ஒரே வேரிலிருந்து, நீதிமன்றத்தில் வழக்காளிகள் செய்துகொள்ளும் 'ராஜி' பிறந்தது; நபித் தோழர் பெயருக்குப் பின் தமிழ் முஸ்லிம்கள் எழுதும் 'ரலி' என்னும் சுருக்கமும் பிறந்தது. ஒரே சொல்லின் இரு பிள்ளைகள். ஒன்று கச்சேரியில் வளர்ந்தது, மற்றொன்று பள்ளிவாசலில் வளர்ந்தது. மலையாளத்தில் ராஜி என்றால் பெரும்பாலும் பதவி விலகல். தமிழில் சமாதானம் ராஜி, விலகல் ராஜினாமா. ஆகவே கிழக்கேகோட்டையில் 'அவர் ராஜி செய்தார்' என்ற தொடரும் தகராறைப் போலவே கேட்பவரின் மொழியைப் பொறுத்துப் பொருள் மாறும்.

இவ்வொலிமரபு தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. மலாய் மொழியில் தேவை என்னும் பொருளில் வழங்கும் 'பெர்லு', நம் பர்ளுவின் உடன்பிறப்பு. இசைவைக் குறிக்கும் 'ரெலா', ரலியின் உறவு. மேற்கே ஸ்பானிய மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே', நீதிபதியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதிலும் ளாத்தின் இடத்தில் லகரம் ஒலிக்கிறது. கேரளக் கரை, சோழமண்டலக் கரை, ஈழம், மலாய் உலகு ஆகியன ஏமன், ஹள்ரமௌத் துறைகளோடு நெடுங்காலம் உறவுடையவை. ஷாஃபி சட்டப்பள்ளி இக்கரைகளில் பரவியிருப்பதும் அவ்வுறவின் தடமே. பழைய பக்க ஒலி தென் அரேபியப் பேச்சுகள் சிலவற்றில் நெடுநாள் எஞ்சியிருந்தது. கடல்வழிச் சொற்கள் அந்த ஒலியைக் காத்துக்கொண்டன எனக் கொள்வது பொருந்தும்.

5. கடல் கொணர்ந்தவை

கடல்வழியின் தொன்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கொல்லத்தில் அய்யன் அடிகள் 849இல் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் கூஃபிய அரபு எழுத்திலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலமைந்த பாரசீகத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். அதே காலத்தில், 851ஐ ஒட்டி எழுதப்பட்ட அரபுக் கடற்பயணக் குறிப்புகள் கொல்லத்தைச் சீனப் பாதையின் முதன்மைத் துறையாகக் காட்டுகின்றன. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா அங்கு வந்தார். அவருடைய பயண நூலின் பெயர் 'ரிஹ்லா'. ஒட்டகத்தின் மீது சேணம் பூட்டிப் புறப்படுதல் என்பது அவ்வேரின் பொருள். சேணத்தைக் குறித்த அதே சொல் இன்று குர்ஆனை விரித்து வைக்கும் மரப்பலகைக்கு 'ரெஹால்' என்று பெயராகி நிற்கிறது.

இவ்வழியில் வந்த முதன்மையான இயக்கச் சொல் சபர். காயல்பட்டினம் முதல் நாகூர் வரையுள்ள கரையில் சபர் என்றால் பொருளீட்டக் கடல் கடந்து செல்லுதல். அவ்வாறு சென்று வாழ்பவர் சபராளி. அரபு அகராதியாளர் சிலர் இவ்வேரைத் திரை விலக்குதல் என்னும் பொருளோடு இணைத்து, மனிதரின் இயல்பைப் பயணம் வெளிப்படுத்துவதால் அப்பெயர் பெற்றது என்பர். ஆண்டுக்கணக்கில் கணவன் திரும்பாத வீடுகளில் இச்சொல்லுக்கு வேறு கனம் உண்டு. சங்க இலக்கியத்தின் செலவும், கடற்கரை முஸ்லிம்களின் சபரும் ஒரே பிரிவைப் பேசுகின்றன.

இதே வேர் தரைவழியாகவும் வந்தது. திருவிதாங்கூர் அரசு வழிநெடுகக் கட்டிய பயணியர் விடுதிக்கு மலையாளத்தில் 'முசாவரி பங்களா' என்று பெயர்; தமிழில் முசாபரி பங்களா. முஸாஃபிர் என்பதன் இந்துஸ்தானி வழித் திரிபு அது. சபராளி முசாவரி பங்களாவில் தங்குவதில்லை. தங்குபவர் சுற்றுப்பயணம் வந்த அதிகாரி. ஒரு வேர், இரு வகைப் பயணிகள்.

நிற்றலைக் குறிக்கும் க்–வ்–ம் வேரிலும் இப்பிளவைக் காணலாம். 'மகாம்' என்றால் நிற்கும் இடம். பீமாப்பள்ளி போன்ற இடங்களில் இறைநேசர் அடங்கிய தலத்தை மலையாளத்தில் மகாம் என்பர். அங்கே நிற்பது என்றென்றைக்குமானது. அதே சொல் படைகளோடு தரைவழி வந்தபோது தமிழில் முகாம் ஆயிற்று. அங்கே நிற்பது ஓரிரவுக்கானது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றாம் வழி ஒன்று திறந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்றவர்கள் 'இக்காமா' என்னும் சொல்லோடு திரும்பினர். தங்கியிருக்கும் உரிமைச் சீட்டு அது. வேர் அதே க்–வ்–ம். ஊர் விட்டு ஊர் பெயர்ந்தவரின் வாழ்வு, நிற்றலைக் குறிக்கும் ஒரு சீட்டைச் சார்ந்து நின்றது. மலையாள ஏடுகளில் ரமளானுக்குப் பதிலாக 'ரமதான்' பரவியதும் இம்மூன்றாம் வழியின் விளைவே. ஒரு மாதத்தின் பெயருக்குள் மூன்று வழிகள்: ளகரம் பழைய கடல்வழி, ஜகரமும் ஸகரமும் கச்சேரிவழி, தகரம் வானூர்திவழி.

6. இதனால் என்ன?

பாதையை அறியாமல் சொல்லை மட்டும் எண்ணினால் வரலாறு பிழைபடும். மாஜி, ஆஜர், வசூல், தாக்கல் ஆகியவற்றை 'முஸ்லிம் சொற்கள்' என்று ஒதுக்குவோர் ஒருபுறம். அவற்றையே 'அரபு வணிகர் தமிழுக்கு அளித்த கொடை' என்று பெருமைகொள்வோர் மறுபுறம். இருசாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். சொல்லின் பிறப்பிடத்தை அதைக் கொணர்ந்தவரின் அடையாளமாகக் கொள்கின்றனர். கும்பகோணத்து மராட்டியக் கணக்கரும் ஸ்காட்லாந்துக் கர்னலும் பரப்பிய சொற்களுக்குக் காயல்பட்டினத்து மரக்காயரைப் பொறுப்பாக்குவது முறையன்று.

இப்பிழையின் மறுபக்கம் இழப்பு. சபர், உளூ, ரமலான், சீறா போன்ற கடல்வழிச் சொற்கள் தமிழ்ச் சமூகம் ஒன்றின் ஆயிரமாண்டுப் பேச்சுமரபைத் தாங்கியவை. அரபுத்தமிழ் ஏடுகளிலும், 1607இல் இயற்றப்பட்ட முஹ்யித்தீன் மாலை முதலான அரபுமலையாளப் பாடல்களிலும் அம்மரபு எழுத்தில் நிற்கிறது. பொது நாட்காட்டி 'ரம்ஜான்' என்று அச்சிடுவதாலும், 'சரியான அரபு உச்சரிப்பு' என்னும் பெயரில் புதிய வடிவங்கள் வருவதாலும் ளகர வடிவங்கள் தவறானவை என்னும் எண்ணம் இளையோரிடம் பரவுகிறது. ஸீபவைஹி விவரித்த ஒலிக்கு, இன்று சரியெனப்படும் வடிவங்களைவிட நம் ளகரமே அண்மையில் நிற்கிறது. இரு பக்கமும் திருத்தப்படும் அவ்வடிவங்களைப் பதிவு செய்வது ஆய்வாளரின் கடமை.

ளாத் இல்லாத சொற்களுக்கு இந்த ஒலிச்சோதனை உதவாது என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது. அங்கே முதல் ஆட்சி எந்த ஆண்டின் எந்த ஆவணத்தில் என்று தேட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வையாபுரிப் பிள்ளை காலத்தில் இச்சொற்களுக்கு மூலமொழி குறித்து உதவியது. ஆனால் அகராதியின் ஒற்றை மூலக்குறிப்பு பிறப்பிடத்தையோ கடைசித் தங்கலையோ சொல்லும்; வழியைச் சொல்லாது. கோட்டைப் பகுதியிலேயே உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஓலைகளும் திருவிதாங்கூர் அரசு ஆவணங்களும் இருக்கின்றன. அவற்றில் வசூல் எப்போது நுழைகிறது, அதற்கு முன் அவ்விடத்தில் எந்தத் தமிழ் அல்லது மலையாளச் சொல் இருந்தது, தகராறு எந்தத் தலைமுறையில் பூசலிலிருந்து பழுதாயிற்று என்பன போன்ற வினாக்களோடு ஒருவர் அமர்ந்தால் நல்லதோர் ஆய்வேடு உருவாகும். தமிழ், மலையாளம், அரபு ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி இது. மூன்றும் ஒரே நகரப் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

நம் இலக்கணிகள் பிறநிலச் சொல்லைப் 'பகைச்சொல்' என்று அழைக்கவில்லை. 'திசைச்சொல்' என்றே அழைத்தனர். எத்திசையிலிருந்து வந்தது என்னும் கேள்வி அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. அக்கேள்வியை ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே கேட்பதே ஆய்வு. சாலைக் கடைத்தெருவில் நிகழும் தகராறுக்கும் அதன் முடிவில் நிகழும் ராஜிக்கும் அத்தகைய திசை உண்டு. இரண்டும் தரைவழி வந்தவை.

தங்கள் ஊர் வழக்கில் சபர், மகாம், ஆஜர், முசாபரி போன்ற சொற்கள் எவ்வடிவில், எப்பொருளில் வழங்குகின்றன என்பதை ஊர்ப்பெயரோடும் பேசுவோரின் தலைமுறையோடும் பின்னூட்டத்தில் குறிப்பிடுமாறு நண்பர்களை வேண்டுகிறேன்.